ஒத்திகைத் தளபதி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் வீட்டில் அவளும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் மிஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொள் என்று போன வருஷமே சொன்னேன். நீ கேட்டால்தானே.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. நின்றபடி படித்தால் விழுந்துவிடுவாய். இங்கே கட்டிக்கொண்டிருக்கிற புது ரோந்துக் கப்பலுக்கு உன் பிள்ளை, நம்ம வாலுவின் பெயரை வைக்கப்போகிறார்கள்! வீட்டில் கூப்பிடுகிற பெயர் இல்லை, பயப்படாதே. பள்ளிச் சான்றிதழில் இருக்கிற முழுப்பெயர். 'வாலு' என்று ஒரு போர்க்கப்பல் போனால் எதிரி சிரித்தே செத்துப்போவான்.

கடற்படை விழாப் பிரிவில் எழுத்தராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். எத்தனையோ கப்பலுக்குப் பெயர் வைத்த விழாவில் நாற்காலி எண்ணியிருக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளை பெயரை ஒரு நாள் இந்தக் கையால் தட்டச்சு செய்வேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

இன்னொன்று. கப்பலுக்குப் பெயர் வைப்பது ஒரு பெண்தான், அதுதான் வழக்கம். மேடையில் நின்று, "இந்தக் கப்பலுக்கு இன்ன பெயர் வைக்கிறேன், இதில் போகிறவர்கள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வரட்டும்" என்று சொல்லிவிட்டு, கயிற்றில் கட்டிய பாட்டிலைக் கப்பலின் முகப்பில் மோதி உடைக்க வேண்டும். உடைந்ததும் கப்பலுக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுப்பார்கள், கப்பல் வழுக்கித் தண்ணீரில் இறங்கும். அந்தப் பெண் நீதான். மே மாதம் இருபதாம் தேதி. வருவாய் அல்லவா?

மருமகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 11

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முழங்கால் தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு மிதிக்கிறேன். மற்றபடி உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் இருமல் நின்றதா?

உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்ததும் எழுந்து தெருவில் போகிற வருகிற எல்லோரிடமும் சொன்னேன். சீருடைக்கு அளவு கொடுக்க வந்த பெண்ணுக்கு இடுப்பளவை இரண்டு தடவை எழுதிவிட்டு, தோள் அளவே எடுக்காமல் அனுப்பிவிட்டேன். கை கால் ஓடவில்லையடா!

வாலு திரும்பி வந்து இதைக் கேட்டான் என்றால் அவனைப் பிடிக்கவே முடியாது. "அம்மா, என் பேர்ல கப்பலே ஓடுது, நீ என்னடான்னா இன்னும் எனக்கு ரேஷன் போட்டுத் தோசை வைக்கிற"ன்னு ஆரம்பிப்பான். ஏழு வருஷமாக வாய் ஓய்ந்து கிடக்கிற வீடு. வரட்டும், பேசட்டும்.

வீட்டில் எனக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கண் கண்ணாடிக் கடையில் அவளோடு வேலை பார்க்கிற ஒருவர், மனைவியை இழந்தவர், போன வாரம் நேராக என்னிடமே வந்தார். அவளைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்றார். நல்ல மனுஷன்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "என் பையன் காணாமப் போயிருக்கான், செத்துப் போகல. நாளைக்கு அவன் வந்து கதவைத் தட்டினா நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் வாசல் கதவுக்குத் தாழ் போடுவதே இல்லை, உனக்குத் தெரியும். அவன் தட்டும்போது நான் அசந்து தூங்கிவிட்டால்? அதனால் சும்மா சாத்தி வைக்கிறேன். திருடன் வந்தால் வரட்டும், எடுத்துப் போக இங்கே பழைய மிஷின்தான் இருக்கிறது.

ஒன்று கேட்க மறந்தேன். இதற்கு முன்னால் யார் யார் பெயரையெல்லாம் கப்பலுக்கு வைத்திருக்கிறீர்கள்? அவர்களும் விழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்களா?

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. பதில் எழுதத் தாமதம், கோபிக்காதே. அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை.

விழா எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், கேள். பாட்டில் உடையுமோ உடையாதோ என்று உனக்கு ஒரு பயமும் வேண்டாம். அதன் வயிற்றில் முன்கூட்டியே கண்ணாடி அறுக்கிற ஊசியால் ஒரு கோடு கீறி வைத்துவிடுவோம். பூனை தட்டினால்கூட உடையும். கப்பல் முகப்பில் எழுதியிருக்கிற பெயரை அன்றைக்குத் துணி போட்டு மூடியிருப்பார்கள். நீ சொன்ன பிறகுதான் துணி விலகும்.

எல்லாவற்றையும்விட நேரம்தான் முக்கியம். கடல் நீர் ஏறி நிற்கிற சமயம் பார்த்துக் கப்பலை இறக்க வேண்டும். உரை நீண்டால் தண்ணீர் இறங்கிவிடும். அதனால் முந்தின நாள் முழு ஒத்திகை, ஆளுக்கு ஒரு வேஷம். அமைச்சர் நாற்காலியில் எங்கள் ஜீப் டிரைவர் உட்காருவார். அன்றைக்கு அவர் அலட்டல் தாங்காது, தண்ணீர் கொண்டுவா என்று மேலதிகாரியையே விரட்டுவார். பெயர் வைக்கிற பெண்ணுக்குக் கிடங்குக்காரர், தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு. தளபதிக்கு எப்போதும் நான்தான். தளபதியின் உரை முழுவதையும் ஒலிபெருக்கியில் வரி விடாமல் படிப்பேன், மேலதிகாரி கடிகாரம் பிடிப்பார். எத்தனை தளபதிகளாக இருந்துவிட்டேன் போ!

இந்தத் தடவை பேசப்போகிறவர் வாலுவின் கப்பலுக்குத் தலைவராக இருந்தவர். இப்போது பதவி உயர்ந்து தளபதி ஆகிவிட்டார். இந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவரும் அவர்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் கடைக்கு நடக்காதே.

தம்பி

மார்ச் 10

தம்பிக்கு,

நலம். நீயும் அவளும் நலமாக இருக்க வேண்டும்.

பூனைக் கதை, டிரைவர் கதை எல்லாம் எழுதினாய். நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் எழுதவில்லை. சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் புத்தி. பரீட்சையில் எத்தனை மார்க் என்று அம்மா கேட்டால், பள்ளிக்கூடத்தில் பாம்பு வந்தது என்பாய்.

அந்தத் தளபதியை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்தாரே. தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். கப்பலில் விபத்து, உங்கள் மகனைக் காணவில்லை என்றார். "வந்துடுவான் இல்லீங்களா?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தார். "தேடிக்கிட்டிருக்கோம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. என் பிள்ளைக்காகக் கலங்கிய மனுஷன், அவர் பேசட்டும். எனக்குச் சந்தோஷம்தான்.

மருமகள் நேற்று ஒரு மனுவைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தாள். அவன் இறந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்கு. தாய் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட்டால் வேலை சுலபமாம். "அத்தை, எனக்கு முப்பத்தொண்ணு ஆகுது. நான் யாரு? பொண்டாட்டியா, இல்ல வேற ஏதாவதா? அதையாவது சொல்லுங்க" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "என் பிள்ளையக் கொல்ல என்கிட்டயே கையெழுத்தா?" என்று கத்திவிட்டேன். அந்தத் தாள் மேலேயே துணியை வைத்துத் தைத்தேன்.

அவள் அழவில்லை. துணியிலிருந்து நூலைப் பிரித்து, தாளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

கேள்விக்குப் பதில் எழுது.

அக்கா

மார்ச் 27

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

இன்று காலை, கால்சட்டை நீளம் குறைக்க ஒரு பெரியவர் வந்தார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவராம். பெருமை தாங்காமல் கப்பல் விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்றார். "எப்போ தவறினான்மா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவறவில்லை, காணவில்லை என்றேன். அந்த மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "உயிரோட இருக்கறவங்க பேரக் கப்பலுக்கு வைக்கிற வழக்கமே இல்லையேம்மா. எங்க காலத்துலேர்ந்தே செத்தவங்க பேருதான்" என்று சொல்லிவிட்டு, கால்சட்டையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனார். ஊசி விரலில் இறங்கி ரத்தம் வந்தது எனக்குத் தெரியவே இல்லை. மருமகள் வந்து பார்த்துத்தான் துணி சுற்றினாள்.

ஏன்டா, தெரிந்துதானே எழுதினாய்? "உட்கார்ந்து படி" என்று வேடிக்கை வேறு. என் பிள்ளைக்குக் கருமாதிப் பத்திரிகை அனுப்பிவிட்டு, கூட இருந்து பாட்டில் உடைக்க வா என்று கூப்பிட்டிருக்கிறாய். நான் வரமாட்டேன். உன் கப்பலும் வேண்டாம், உன் விழாவும் வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

விரல் ஆறிவிட்டதா? மருந்து போடாமல் விட்டிருப்பாய்.

தெரியும், அக்கா. தெரிந்துதான் எழுதினேன். உன் முதல் பதிலில் "வரட்டும், பேசட்டும்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் இதையும் கேள். அது அலுவலக வழக்கம், அவ்வளவுதான். இத்தனை வருஷம் தகவல் இல்லை என்றால் அவர்கள் கணக்கில் அப்படி எழுதிக்கொள்கிறார்கள். அவர்கள் எழுதிவிட்டதால் ஒருவன் செத்துவிடுவானா? உனக்கு அவன் காணாமல் போனவன்தான். எனக்கும் அப்படியே என்று வைத்துக்கொள்.

நீ வராவிட்டாலும் பெயர் வைப்பது நிற்காது. வேறு யாராவது அதிகாரியின் மனைவியைக் கூப்பிடுவார்கள். அந்த அம்மாவுக்கு நம்ம வாலு யார் என்று தெரியாது. பெயரையே தப்பாக உச்சரிப்பாள். உனக்குச் சம்மதமா?

தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

விரல் ஆறிவிட்டது. என் பலவீனம் எது என்று உனக்கு நன்றாகத் தெரியும், கெட்டிக்காரன். என் பிள்ளை பெயரை எவளோ ஒருத்தி வாயில் போட்டு மெல்ல விடமாட்டேன். வருகிறேன்.

ஆனால் ஒரு நிபந்தனை. உரை எழுதித் தட்டச்சு செய்வது நீதானே? அந்தத் தளபதி வாயிலிருந்து 'காணாமல் போனவர்' என்பதைத் தவிர வேறு ஒரு சொல் வரக்கூடாது. இறந்தார், மறைந்தார், தியாகம், ஆன்மா, ஒன்றும் கூடாது. அம்மா இப்படிக் கேட்டாள் என்று அவரிடமே சொல். சத்தியம் பண்ணிக் கொடு.

மருமகளும் வருகிறாள். நான் கூப்பிடவில்லை, அவளே வருகிறேன் என்றாள். "அவர் பேரை நானும் ஒரு தடவை பார்க்கணும் அத்தை" என்றாள்.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டபடியே ஆகும். தளபதியிடம் சொல்லிவிட்டேன். அவர் சில வரிகள் சொல்லியிருந்தார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ எதற்கும் கவலைப்படாதே.

இருபதாம் தேதி காலை பத்து மணிக்குக் கப்பல் தளத்துக்கு வந்தால் போதும், விடுதிக்கே வண்டி வரும். அதற்கு முன்னால் இந்தப் பக்கம் வராதே. ஒரே இரைச்சல், வண்ணமும் காய்ந்திருக்காது, புடவை பாழாகிவிடும். எனக்கு இரண்டு வாரமாகச் சரியாகத் தூக்கம் இல்லை. வேலைதான், வேறு ஒன்றும் இல்லை.

திரும்பவும் சொல்கிறேன், முந்தின நாள் வராதே.

தம்பி

மே 19, மாலை

அக்கா,

விடுதி அறையின் கதவை நீ திறக்கவில்லை. மருமகள் உள்ளேயிருந்து, "மாமா, இப்ப வேண்டாம், போங்க" என்றாள். வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதி, இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

இன்று ஒத்திகை நடந்த இடத்தில் நீ இருப்பாய் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. துணி போட்டு மூடுவதற்கு முன்னால் அவன் பெயரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் முன்னதாகவே வந்தாயாம். காவல்காரர் சொன்னார். பெயரை மூடுவார்கள் என்று உனக்கு எழுதியதும் நான்தான்.

அங்கே உன் காதில் விழுந்ததெல்லாம் உண்மை. இனி மறைக்க என்ன இருக்கிறது? போன மாதக் கடைசியில் தளபதி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இதை எழுது என்றார். "நீங்க அவன் மாமான்னு தெரிஞ்சுதான் சொல்றேன்" என்றார். எழுதினேன். நான் உன் நிபந்தனையைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "அம்மாவே அப்படிக் கேட்டாங்கன்னா எடுத்துடுங்க" என்றார். எடுத்திருப்பேன். மேலதிகாரிதான், "நான் காதால கேட்டுட்டு முடிவு பண்றேன், ஒத்திகையில அப்படியே படி" என்றார். கேட்பதற்கு எங்களைத் தவிர யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

"அன்று கப்பலின் பக்கம் கிழிந்து தண்ணீர் புகுந்த அறையின் இரும்புக் கதவை மூடச் சொன்னது நான். உள்ளே ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தே சொன்னேன்" என்று படித்துவிட்டு, மூச்சு வாங்க நிமிர்ந்தேன். கப்பலின் முகப்புக்குக் கீழே, வண்ணக்காரரின் ஏணிக்குப் பக்கத்தில் நீ நின்றாய். உன் கை கப்பலின் இரும்பில் இருந்தது.

அக்கா, அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். மேலதிகாரி கையில் கடிகாரத்தோடு எதிரே நிற்கிறார். என் வாய் பழக்கத்தில் ஓடிக்கொண்டே போயிற்று. உன்னைப் பார்த்துக்கொண்டேதான் மீதியையும் படித்தேன். "அவன் உள்ளேயிருந்து தட்டினான். நான் திறக்கச் சொல்லவில்லை. திறந்திருந்தால் மற்றவர்கள் யாரும் பிழைத்திருக்க மாட்டார்கள். பிறகு தட்டுவது நின்றுவிட்டது. கடல் அவனை வெளியே கொண்டுபோனது அதற்கு அப்புறம்தான். அவன் காணாமல் போகவில்லை." இதையெல்லாம் என் தொண்டையால் உனக்குச் சொன்னேன்.

அமைச்சர் நாற்காலியில் இருந்த டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். கிடங்குக்காரர் தலையில் இருந்த துண்டை எடுத்துவிட்டார். நான் இறங்கி ஓடி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

அந்த வரிகளை மேலதிகாரி அடித்துவிட்டார். நாளைக்கு நீ கேட்டபடி 'காணாமல் போனவர்' என்றுதான் வரும். உனக்கு வர முடியாது என்றால் நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன். ஒரு வார்த்தை எழுதி வெளியே தள்ளு.

தம்பி

(அதே தாளின் பின்பக்கம்)

வருவேன். என்னோடு பேசாதே.

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கை கூசுகிறது. விழா முடிந்து நீ வண்டியில் ஏறும்போது என் பக்கம் திரும்பவில்லை. ரயிலடிக்கு வந்தேன், தூரத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நான் அன்று மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் நின்றேன். தளபதி நான் திருத்திக் கொடுத்ததைப் படித்தார். 'காணாமல் போன வீரர்' என்ற இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தினார். இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். அந்தத் தாளை எழுதிய கையை வெட்டிப் போடலாமா என்று இருந்தது எனக்கு.

உன் முறை வந்தது. ஒரு வரிதானே, சொல்லிவிட்டு உடைத்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தளபதியைப் பார்த்துத் திரும்பினாய். "ஐயா, நேத்து இதே இடத்துல என் தம்பி உங்களுக்குப் பதிலா நின்னு ஒண்ணு சொன்னான். அதை நீங்க உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் நான் பேர் வைக்கிறேன்" என்றாய். மேலதிகாரி என் தோளைப் பிடித்து, "அணை, அணைக்கச் சொல்லு!" என்று உலுக்கினார். ஒலிபெருக்கிக்காரர் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டார். அந்த மனுஷனுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

தளபதி தொப்பியைக் கழற்றினார். தாள் ஒன்றும் இல்லாமல், கூட்டத்தைப் பார்க்காமல், உன்னைப் பார்த்தே சொன்னார். நான் எழுதி வைத்திருந்தது மாதிரி அழகாக வரவில்லை. "அவன் தட்டினாம்மா. நான் கேட்டேன். நான்தாம்மா திறக்க விடல. அன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல நீங்க வந்துடுவானான்னு கேட்டீங்க, என்னால சொல்ல முடியல" என்றார். அமைச்சர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ பெயரைச் சொன்னாய், முழுசாக, ஒரு எழுத்து பிசகாமல். பாட்டிலை மருமகள் கையில் கொடுத்து, "நீ உடை" என்றாய். அவள் அடித்த முதல் அடியிலேயே உடைந்தது. அந்த வரியின் இரண்டாவது பாதி, 'எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வரட்டும்' என்பது, அதை மட்டும் நீ சொல்லவில்லை. யாரும் கவனிக்கவில்லை. எழுதியவன் நான், அதனால் எனக்குத் தெரிந்தது.

தளபதியை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னையும்தான். அவர் போகும்போது என் மேஜைக்கு வந்து, "உங்க அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாதே, அக்கா.

ஒரு வரி எழுது. இல்லையென்றால் வந்து நிற்கிறேன், வாசலில் வைத்துத் திட்டு.

தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

இருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது, அதனால் உயிரோடு இருப்பதாகத் தெரிகிறது. மோட்டார் மாட்டிவிட்டேன். மருமகள் வாங்கி வந்தாள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த இரண்டாவது பாதியை ஏன் விட்டேன் என்று உன் மண்டை குடையும், தெரியும். ஒத்திகையன்று அந்த இரும்பில் கை வைத்துப் பார்த்தேனே. எவ்வளவு கனம்! நான் மேடையில் நின்று சொல்லிவிட்டால் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்களா? கதவுப் பக்கம் நிற்கிறவன் அல்லவா பார்த்துச் செய்ய வேண்டும்.

தளபதி மேல் கோபமா என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு நாள் வருகிறது, கத்தரிக்கோலைத் தூக்கி எறிகிற அளவுக்கு வருகிறது. மறுநாள் அந்தக் கப்பலில் இருந்த மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் ஞாபகம் வருகிறது, அடங்கிவிடுகிறது. அதற்கு மறுநாள் திரும்பவும் வருகிறது. விசாரணையில் என்னைக் கேட்டால், என் வாசலில் அவர் பொய் சொன்னார், என் பிள்ளை பெயர் வைக்கிற இடத்தில் உண்மை சொன்னார், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள் என்பேன்.

உன் மேல்தான் எனக்கு ஆறவே இல்லை. நான் கேட்டபடிதானே செய்தாய், அது எனக்கும் தெரியும். ஆனால் எனக்குச் சொல்லாதது போகட்டும், அந்தப் பெண்ணை நினைத்தாயா? தினமும் அவளை நான் எப்படிப் பேசுகிறேன் என்று உனக்கு எழுதிக்கொண்டுதானே இருந்தேன்? தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தாயே.

மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பழைய தாளேதான், நான் தைத்த ஊசி ஓட்டைகள் வரிசையாக இருந்தன. நீதிமன்றத்தில் இது என்ன ஓட்டை என்று கேட்டார்களாம். "எங்க அத்தை டைலர்" என்று சொன்னாளாம். இரண்டு பேரும் சிரித்தோம். நடுவில் எது சிரிப்பு எது அழுகை என்று தெரியாமல் போய்விட்டது. கண்ணாடிக் கடைக்காரரை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்குச் சட்டைக்கு அளவும் எடுக்க வேண்டும், போட்டுக்கொண்டு வருகிற சட்டை கண்றாவியாக இருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், சொல்லிவிடுகிறேன். படுத்தால் அந்த வார்த்தை காதில் விழுகிறது. 'அவன் உள்ளேயிருந்து தட்டினான்.' தளபதி சொன்னது எனக்கு நினைவில் வருவதே இல்லை. உன் குரலில்தான் கேட்கிறது. சின்ன வயதில் இருட்டில் நான் பயந்தால் என் காதில் கதை சொல்வாயே, அதே குரல். அதனால்தான் விடுதியில் நீ வந்து நின்றபோதும் கதவைத் திறக்கவில்லை. எங்கே வாயைத் திறந்துவிடுவாயோ என்று பயம்.

நேற்று படுக்கப்போகும் முன் வாசல் கதவுக்குத் தாழ் போட்டேன். துரு ஏறி இறுகிவிட்டது, எண்ணெய் விட்டு இழுக்க வேண்டியிருந்தது. போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உனக்கு லீவு கிடைத்தால் வா. சொல்லிவிட்டு வர வேண்டாம், வந்து ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திரு, கொஞ்ச நாளில் எனக்குப் பழகிவிடும். கதவு தாழ் போட்டிருக்கும். தட்டு. நான் எழுந்து வர நேரமாகும், முழங்கால் அப்படி. நீ தட்டிக்கொண்டே இரு, நான் வந்து திறக்கிறேன்.

அக்கா